கல் சுமந்த இருப்புப்பாதையும் காட்டன் துரையும்

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்கள் நாள்தோறும் மூன்று வழிகளைக் காண்கிறார்கள். ஒன்று, அவர்கள் பேருந்தில் வரும் சாலை. இரண்டாவது, பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என்று வடக்கே விஜயவாடாவை நோக்கி ஓடும் இருப்புப்பாதை. மூன்றாவது, எண்ணூர்ப் பக்கமிருந்து வந்து ஏரியில் கலந்து, ஏரியின் வடகோடியில் மீண்டும் கரையேறிச் செல்லும் பக்கிங்காம் கால்வாய். முதல் இரண்டிலும் இரவு பகலாகப் போக்குவரத்து. மூன்றாவதிலோ நண்டு பிடிப்போரும் எருமைகளும் தவிர வேறு யாரும் இல்லை.

ஒரு காலத்தில் இந்த இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் இடையே ஒரு பெரிய வழக்கு நடந்தது. நாட்டின் சரக்கு தண்டவாளத்தில் போவதா, தண்ணீரில் போவதா என்பதே அந்த வழக்கு. தண்ணீரின் பக்கம் நின்று ஐம்பது ஆண்டுக்காலம் வாதாடியவர் சர் ஆர்தர் காட்டன். தஞ்சைத் தரணியும் கோதாவரிக் கழனிகளும் அவரை அணை கட்டிய துரையாக அறியும். ஆனால், இந்தியாவில் முதன்முதலாகச் சரக்கு இருப்புப்பாதை அமைத்தவரும் அவரே என்பதையும், அப்பாதை நமக்கு மிக அருகில் செங்குன்றத்தில் இருந்து புறப்பட்டது என்பதையும் அறிந்தவர் சிலரே. முதல் தண்டவாளத்தைப் போட்டவரே பின்னர் தண்டவாளத்தை எதிர்த்து வழக்காடினார் என்றால், அந்த வாழ்க்கையைச் சற்று நின்று பார்க்க வேண்டாமா?

ஆர்தர் தாமஸ் காட்டன் 1803ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். பிள்ளைகள் நிறைந்த குடும்பம். அவர் பத்தாவது மகன். அக்காலத்தில் இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாகோயிலும் படையும் கிழக்கிந்தியக் கும்பினியுமே பிழைப்புக்கான வாயில்கள். காட்டன் அடிஸ்கோம்பில் இருந்த கும்பினியின் படைப்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1819இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவில் இடம் பெற்றார். வேல்ஸ் நாட்டில் சிறிது காலம் நில அளவை பழகிவிட்டு, 1821இல் பதினெட்டு வயது இளைஞராகச் சென்னையில் வந்து இறங்கினார்.

முதலில் கிடைத்த வேலைகளுள் ஒன்று பாம்பன் கால்வாயை அளப்பது. கப்பல் போகத் தகுந்த ஆழம் அங்கே உண்டா என்று பார்க்கும் பணி அது. பின்னர் 1824இல் மூண்ட பர்மியப் போரில் அவரும் அனுப்பப்பட்டார். போர் முடிந்து திரும்பிய காட்டனைக் காவிரிப் பாசனப் பொறுப்பு எதிர்பார்த்துக் காத்திருந்தது.

அன்றைய காவிரியின் நிலை என்ன? முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவிரி. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுவதால் வெள்ளத்தையெல்லாம் அது வாரிக்கொண்டு போயிற்று. காவிரியோ ஆண்டுதோறும் மணல் மேவி உயர்ந்துகொண்டே வந்தது. நீர் வரவேண்டிய பக்கம் மேடாகவும் வீணாகக் கடலுக்குப் போகும் பக்கம் பள்ளமாகவும் மாறினால் தஞ்சையின் கதி என்னாவது? உழவர்கள் மணலையும் தழையையும் கொண்டு கொரம்பு போட்டுப் பார்த்தார்கள். அடுத்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போகும். மறுபடியும் போடுவார்கள்.

காட்டன் கல்லணையைப் பார்த்தார். பார்த்தார் என்பதைவிடப் படித்தார் என்பதே பொருந்தும். கரிகாலன் பெயரோடு வழங்கிவரும் அந்தப் பழைய அணை பாறைமேல் நிற்கவில்லை, மணல்மேல் நிற்கிறது. ஆற்றுமணலில் கல்லைப் போடப் போட அது புதையும். புதையப் புதைய மேலும் கல் போட்டால் ஒரு நிலையில் அடிக்கல் அசையாமல் நின்றுவிடும். அந்த அடித்தளத்தின்மேல் அணையை எழுப்பியிருந்தார்கள் நம் முன்னோர். ஆழ்ந்த மணலில் அணை கட்ட முடியாது என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இது காட்டனுக்குப் பெரும் பாடமாக அமைந்தது. தாம் கற்றது இங்கேதான் என்பதை அவர் பிற்காலத்திலும் மறைக்கவில்லை. பட்டம் பெற்ற பொறியாளர் பெயர் தெரியாத கொத்தனிடம் மாணவராக இருந்த காட்சி இது. கல்லூரி மலரில் எழுதத் தக்கதும் ஆகும்.

1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே முக்கொம்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. தஞ்சையில் பாசனம் உறுதிப்பட்டது. ஆனால் கணக்கு முழுவதும் சரியாக அமைந்துவிடவில்லை. மேலணை காவிரிக்குள் தள்ளிய நீர் அளவுக்கு மிஞ்சிப்போய், காவிரியின் படுகையையே அரிக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் காவிரியின் தலைப்பிலும் ஒரு தடுப்புக் கட்டவேண்டியதாயிற்று. ஆற்றை ஓர் இடத்தில் தொட்டால் அது வேறோர் இடத்தில் பதில் சொல்லும் என்பதைக் காட்டனும் பட்டுத்தான் அறிந்தார்.

இன்னொன்றையும் இங்கே சொல்லவேண்டும். நம் மீனவ மாணவர்கள் இதைக் கேட்டால் உடனே புரிந்துகொள்வார்கள். உல்லம் என்ற மீன் கடலில் வாழ்வது. முட்டையிட ஆற்றில் எதிரேறி வருவது. கொள்ளிடத்தில் அணை எழுந்தபின் அந்த மீன் ஏறிவரும் வழி அடைபட்டது. 1870களில் நாட்டின் மீன்வளத்தை ஆராய்ந்த பிரான்சிஸ் டே என்ற அதிகாரி, அணைகளால் மீன் குறைவதைத் தம் அறிக்கையில் எடுத்துரைத்தார். எத்தனை ஏக்கர் நெல், எத்தனை ரூபாய் வரி, எத்தனை கன அடி நீர் என்று எல்லாவற்றையும் எண்ணிய காட்டனின் ஏட்டில் மீனுக்கு ஒரு பத்தி இல்லை. அவர் கல்நெஞ்சர் என்று கொள்ளவேண்டாம். பக்தியும் இரக்கமும் உள்ளவர். கண்ணில் படாததால் கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆனால் மீனை நம்பியிருந்தவனுக்கு இரண்டும் ஒன்றே.

இனிச் செங்குன்றத்துக்கு வருவோம்.

சென்னை நகரம் அப்போது விரிந்துகொண்டிருந்தது. சாலைகளுக்குக் கல் தேவை. செங்குன்றத்தில் செம்புராங்கல் ஏராளம். ஊருக்குப் பெயரே அந்தச் செம்மண் மேட்டால் வந்தது. ஆனால் கல்லை நகரத்துக்குக் கொண்டுவருவது எப்படி? மாட்டு வண்டியில் ஏற்றினால், கல்லின் விலையைவிட வண்டிக்கூலி மிஞ்சும். கனமான பாரத்தை ஏற்றிய வண்டிகள் வரும் வழியெல்லாம் சாலையை உழுதுகொண்டு வரும். சாலை போடக் கல் கொண்டுவரும் வண்டியே சாலையைக் கெடுக்குமானால் இந்த வேலைக்கு முடிவு ஏது?

இங்கிலாந்தில் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே நிலக்கரி இருப்புப்பாதை 1825இலேயே ஓடத் தொடங்கியிருந்தது. காட்டன் அதை நினைத்தார். 1836இல் சிந்தாதிரிப்பேட்டைப் பாலத்தருகே சிறிது தூரம் தண்டவாளம் போட்டு மக்களுக்கு வெள்ளோட்டம் காட்டப்பட்டது. தண்டவாளத்தில் ஏற்றிய பாரம் எவ்வளவு இலகுவாக நகர்கிறது என்று காட்டுவதே நோக்கம். 1837இல் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பாலம் வரை பாதை அமைந்து கல் வண்டிகள் ஓடலாயின. நீராவி எந்திரமும் அதில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. பம்பாயிலிருந்து தாணாவுக்குப் பயணிகள் வண்டி ஓடியது 1853 ஏப்ரல் 16ஆம் நாள். ஆகவே அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே நம் பக்கத்தில் இருப்புப்பாதை இருந்தது. பாடநூல்கள் பம்பாய்க்கு முதலிடம் கொடுப்பது பயணிகளைக் கருதி. சரக்கைக் கருதினால் முதலிடம் செங்குன்றத்துக்கே.

இந்தப் பாதையின் தன்மையைக் கவனியுங்கள். ஊரையும் ஊரையும் இணைக்க அது போடப்படவில்லை. சரக்கு விளையும் ஓர் இடத்தை அது தேவைப்படும் ஓர் இடத்தோடு இணைத்தது. இன்று துறைமுகத்துக்கும் தொழிற்பேட்டைக்கும் தனியே பிரித்துப் போடும் கிளைப்பாதைகளின் மூதாதை அது. அத்தகைய பாதைக்குள்ள பலவீனமும் அதற்கு இருந்தது: அந்த ஒரு சரக்கின் தேவை தளர்ந்தால் பாதைக்கு வேறு பிழைப்பு இல்லை. பத்தாண்டுகள்கூட நீடிக்காமல் செங்குன்றப் பாதை மறைந்தது. தண்டவாளம் இருந்த தடம்கூட இன்று தெரியாத அளவுக்கு வீடுகளும் கடைகளும் எழுந்துவிட்டன.

இதற்கிடையே காட்டனின் உடல்நலம் குன்றியது. நீண்ட விடுப்பில் தாஸ்மேனியாத் தீவுக்குச் சென்றார். 1841இல் எலிசபெத் லியர்மந்த் என்ற பெண்மணியை மணந்தார். திரும்பிவந்தபோது அவருக்கு வாய்த்தது கோதாவரி.

கோதாவரி மாவட்டம் அப்போது இருந்த நிலையை இன்று எண்ணிப் பார்ப்பதும் கடினம். 1833இல் வடசர்க்கார் பகுதியைத் தாக்கிய பஞ்சத்தில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தனர். பக்கத்திலேயே பெரும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அதன் நீர் வயலுக்கு ஏறவில்லை. காட்டன் 1844இல் தம் அறிக்கையை அனுப்பினார். கும்பினி இசைந்தது. தவளேஸ்வரத்தில் ஆறு தீவுகளால் பிரிந்து நான்கு கிளைகளாக ஓடும் இடத்தில், கல்லணையில் கற்ற அதே முறையில், 1847இல் தொடங்கி 1852இல் அணையை முடித்தார்.

அணைக்குக் கல் வேண்டும். மலை பக்கத்திலேயே இருந்தது. மலையிலிருந்து ஆற்றுக்குக் கல் கொண்டுவரக் காட்டன் என்ன செய்தார்? மறுபடியும் தண்டவாளம் போட்டார். செங்குன்றத்தில் போட்ட பாதை ஓய்ந்துபோன காலத்தில் தவளேஸ்வரத்தில் அதே எண்ணம் உயிர்பெற்றது. வேலை இருக்கும் இடத்துக்குப் பாதையைக் கொண்டுபோ, வேலை முடிந்தால் எடுத்துவிடு என்பது அவர் கொள்கை போலும். இருப்புப்பாதை என்ற கருவியோடு அவருக்குப் பகை எதுவும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அப்படியானால் பகை எங்கே தொடங்கியது? கோதாவரிக் கால்வாய்களில்தான் என்று கருதுகிறேன். அவர் அங்கே வெட்டுவித்த கால்வாய்கள் பாசனத்துக்கு மட்டும் அமைந்தவை அல்ல. நீர்மட்டம் மாறும் இடங்களில் லாக்குகள் கட்டி, படகு மேலேறவும் கீழிறங்கவும் வசதி செய்திருந்தார். நெல்லை விளைவித்த அதே நீர் நெல்லைச் சுமந்துகொண்டு காக்கிநாடாவுக்கும் போயிற்று. ஒரே செலவில் இரண்டு பயன். கரையில் இரண்டு ஆள் கயிறு கட்டி இழுத்தால் பல வண்டிப் பாரம் நகர்கிறது. இதைக் கண்ணாரக் கண்டபின், அரிசிக்கும் உப்புக்கும் விறகுக்கும் வேகம் எதற்கு, கூலி குறைவாக இருந்தால் போதாதா என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. அது பின்னர் அவரை விடவே இல்லை.

அதே சமயம் இருப்புப்பாதைக் காலம் பிறந்துவிட்டது. சென்னையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை 1856 ஜூலை முதல் நாளில் வண்டி ஓடியது. கம்பெனிகள் இங்கிலாந்தில் முதல் திரட்டின. லாபம் வந்தாலும் வராவிட்டாலும் நூற்றுக்கு ஐந்து வட்டி தருவதாக அரசு உறுதி கூறியது. அந்த வட்டி யார் பணம்? நம் குடியானவன் கட்டிய வரிப்பணம். பங்குதாரருக்கு நட்டமே இல்லாத வாணிகம். செலவு கூடினாலும் கேட்பாரில்லை. காட்டன் இதைத்தான் கண்டித்தார். கோடிகள் தண்டவாளத்துக்குப் போகின்றன, பாசனத்துக்கோ சில்லறைதான் வருகிறது என்று நூல்களாகவும் மனுக்களாகவும் எழுதிக் குவித்தார். 1854இல் இந்தியப் பொதுப்பணிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் இவற்றுள் முதன்மையானது. அவர் பேச்சு லண்டனில் பலருக்குக் கசந்தது. வெள்ளையர் ஆட்சியின் ஊழியரே ஆட்சியின் செலவுக் கணக்கைச் சந்தியில் வைத்தால் கசக்காமல் என்ன செய்யும்?

ஆனால் அவரைப் புரட்சியாளராக்கி விடுவதும் பிழை. ஆட்சி நிலைக்கவேண்டும், வருவாய் பெருகவேண்டும் என்று விரும்பிய கும்பினி அதிகாரிதான் அவர். பாசனத்தால் வரி உயரும் என்பது அவர் வாதத்தின் பெரும்பகுதி. குடியானவன் நலமும் கஜானா நலமும் அவர் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றின.

1860இல் பணி ஓய்வு பெற்றுத் தாயகம் திரும்பினார். 1861இல் சர் பட்டம் கிடைத்தது. இந்தக் கட்டத்தில்தான் அவர் புகழுக்கு ஒரு கறையும் வந்து சேர்ந்தது. அவர் திட்டத்தை நம்பித் தனியார் கம்பெனியொன்று துங்கபத்திரையில் சுங்கேசுலாவிலிருந்து கர்நூல், கடப்பை வழியாகக் கால்வாய் வெட்டியது. செலவு மதிப்பீட்டை மீறிக்கொண்டே போயிற்று. கரிசல் நிலத்து உழவர்கள் எதிர்பார்த்தபடி நீரை வாங்கவில்லை. படகுப் போக்குவரத்தும் பெருகவில்லை. 1882இல் அரசே அதை வாங்கிக்கொள்ள நேர்ந்தது. டெல்டாவில் வெற்றி கண்ட முறையை மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனது பிழை. இருப்புப்பாதைக் கம்பெனிகளின் செலவைச் சாடியவர் பெயராலேயே ஒரு கால்வாய்க் கம்பெனி பணத்தை விழுங்கியது. எதிரிகள் இதை எடுத்துக்காட்டாமல் விடுவார்களா? காட்டனின் வரலாற்றை எழுதுவோர் சிலர் இந்த இடத்தில் விரைந்து நடந்துவிடுகிறார்கள்.

1876 முதல் 1878 வரை தென்னாடு கண்ட தாது வருஷப் பஞ்சம் யாவரும் அறிந்தது. அப்போது சென்னை ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்வித்த நிவாரண வேலைகளுள் ஒன்று கால்வாய் வெட்டுதல். இந்தக் கால்வாயின் கதை காட்டனுக்கும் முந்தியது. பாசில் காக்கரேன் என்பவர் முதலிட்டு, சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் தூரம் 1806 வாக்கில் வெட்டியதே தொடக்கம். 1837இல், அதாவது செங்குன்றத்துத் தண்டவாளம் ஓடிய அதே ஆண்டில், அரசு அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. பிறகு அது பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு, ஏரியைக் கடந்து, வடக்கே நீண்டது. பஞ்ச காலத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு வெட்டப்பட்டது. 1878இல் கோமகன் பெயர் சூட்டப்பெற்றது. சென்னைக்கு வடக்கே விஜயவாடா வரை 315 கிலோமீட்டர், தெற்கே மரக்காணம் வரை 103 கிலோமீட்டர் என்று கால்வாய் நிறைவுற்றது.

இதை வெட்டியவர் காட்டன் அல்லர். ஆனால் அவர் கேட்டது இதைத்தான். ஏழை மக்களின் சரக்கு ஏழை மக்களுக்குக் கட்டுப்படியாகும் கூலியில் போகும் வழி அது.

பழவேற்காட்டுக்கு அது என்ன செய்தது? இந்த ஊர் டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியாக் கோட்டை கட்டிய காலத்தில் துணி வாணிகத்தால் உலகறிந்தது. 1690இல் அவர்கள் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதற்குள் ஊர் களையிழந்திருந்தது. கால்வாய் வந்தபின் மீண்டும் சரக்கு நடமாட்டம் ஏற்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு சென்னை அடுப்புகளுக்குப் படகில் போயிற்று. ஏரியில் எடுத்த கிளிஞ்சல் சுண்ணாம்புக் காளவாய்களுக்குப் போயிற்று. உப்பளங்களின் உப்பும் கருவாடும் போயின. காற்று வாய்த்தால் பாய் விரித்தும், வாய்க்காவிட்டால் கழி ஊன்றியும், கரையில் நடந்து கயிற்றால் இழுத்தும் படகுகள் சென்றன. வலை போடுகிறவன் வலை ஓய்ந்த காலத்தில் படகு தள்ளிக் கூலி பெற்றான். கால்வாய் ஏரியை அடைக்கவும் இல்லை, மீனை மறிக்கவும் இல்லை. காட்டனின் அணை உல்லத்துக்குச் செய்த கெடுதியை அவர் விரும்பிய கால்வாய் மடவைக்குச் செய்யவில்லை.

1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று காட்டனை அழைத்து விசாரித்தது. அப்போது அவருக்கு வயது 75. கல்கத்தாவிலிருந்து கங்கை வழியே ஏறிச் சிந்து வழியே கராச்சிக்கு இறங்குதல், காக்கிநாடாவிலிருந்து கோதாவரி வழியே சூரத்துக்குச் செல்லுதல், பொன்னானியிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயமுத்தூரைத் தொட்டுக் கிழக்குக் கரைக்கு வருதல் என்று நாடு தழுவிய நீர்வழிகளை அவர் வரைந்து காட்டினார். ஆறுகளை இணைக்கவேண்டும் என்று இன்று பேசுவோர் பலரும் இவரிடமிருந்தே தொடங்குகிறார்கள். குழு அவர் சொன்னதை ஏற்கவில்லை. கர்நூல் கால்வாயின் நட்டம் அவர் எதிரே நின்றது. தண்டவாளமே வென்றது.

ஓய்வுக் காலத்தை டார்க்கிங் என்ற ஊரில் கழித்தார். சும்மா இருக்கத் தெரியாதவர். ஆழ உழுது பயிரிட்டால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்று தோட்டத்தில் சோதனை நடத்திக்கொண்டிருந்தார். 1899 ஜூலை மாதம், 96ஆம் வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு அவர் மகள் ஹோப் சீமாட்டி தந்தையின் வரலாற்றை நூலாக வெளியிட்டார்.

அதே 1899இல்தான் சென்னையையும் விஜயவாடாவையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவுற்றது. பக்கிங்காம் கால்வாய்க்கு ஏறக்குறைய இணையாக, ஏரிக்கு மேற்கே சில மைல் தள்ளி, பொன்னேரி வழியாக அது ஓடியது. காட்டனின் வழக்குக்கு நம் ஊர்ப் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதியாயிற்று.

கால்வாய் உடனே சாகவில்லை. அரை நூற்றாண்டுக்கு மேல் படகுகள் ஓடின. ஆனால் தூர் எடுப்பது குறைந்தது, லாக்குக் கதவுகள் துருப்பிடித்தன, லாரிகள் வந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளை உடைத்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் 1969இல் ஏவுகணைத் தளத்துக்கு நிலம் எடுக்கப்பட்டபின் விறகுப் படகுக்கும் வேலை இல்லை.

இப்போது சரக்கு மீண்டும் ஏரியின் பக்கம் திரும்பியிருக்கிறது. 2001இல் எண்ணூரில் துறைமுகம் திறக்கப்பட்டது. 2014இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. அத்திப்பட்டு நிலையத்திலிருந்து அதற்குச் சரக்கு இருப்புப்பாதை பிரிந்து செல்கிறது. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையும், எல்லைக்கு அப்பால் தடாவையொட்டி ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரமும் உண்டு. இவற்றுக்கெல்லாம் துறைமுகத்தோடு தண்டவாளத் தொடர்பு வேண்டும், இருக்கும் பாதையை அகலப்படுத்த வேண்டும், புதுக் கிளை போடவேண்டும் என்ற பேச்சு ஓய்வதில்லை. தேவை இல்லை என்று சொல்வதற்கில்லை. லாரிகள் வரிசைகட்டி நிற்கும் சாலையில் மாணவர் பேருந்து படும் பாட்டை அறிந்தவர்கள் சரக்கு தண்டவாளத்துக்குப் போகட்டும் என்றே வேண்டுவார்கள். செங்குன்றத்துக் கல் வண்டியைப் பார்த்துக் காட்டனும் இதைத்தான் சொன்னார்.

வேடிக்கை என்னவென்றால், வடசென்னை அனல்மின் நிலையத்துக்குத் தேவையான நிலக்கரி ஒடிசாவிலிருந்து தண்டவாளத்திலேயே நேராக வருவதில்லை. தால்ச்சேரிலிருந்து பாராதீப் வரை இரயிலில் வந்து, அங்கே கப்பலேறி, எண்ணூரில் இறங்குகிறது. கனமான சரக்கு நெடுந்தூரம் போவதானால் நீர்வழியே மலிவு என்பதைக் காட்டன் மறைந்து நூறாண்டு கழித்துப் பொறியாளர்கள் நாள்தோறும் மெய்ப்பிக்கிறார்கள். 2008இல் பக்கிங்காம் கால்வாயும் கோதாவரி, கிருஷ்ணை ஆறுகளும் சேர்ந்து நான்காம் தேசிய நீர்வழி என்று சட்டத்தால் அறிவிக்கப்பட்டன. நம் பக்கத்தில் அந்த நீர்வழியில் சரக்குப் படகு எதையும் இன்னும் காணோம்.

ஆனால் ஏட்டில் பத்தி இல்லாதவர்களின் நிலை? காட்டுப்பள்ளியில் துறைமுகம் எழுந்தபோது அங்கிருந்த குப்பம் இடம் பெயர்ந்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்தது. கடலில் கல்சுவர் எழுந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரியும். முக்கொம்பில் காவிரி சொன்ன அதே பதில்தான். பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் மூடிக்கொள்ளும்போது கடல்நீர் ஏரிக்குள் வராது. இறால் குஞ்சு வராது. படகும் வெளியே போகாது. அப்போது குப்பத்தார் கூடி மணலை வாரி வழி திறப்பதை எங்கள் மாணவர்கள் பலர் கையாலேயே செய்திருக்கிறார்கள். ஏரிக்குள் எந்தக் குப்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்குப் பாடு என்ற முறை உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் தலைமுறை தலைமுறையாக முறை வைத்துப் பங்கிடுகிறார்கள். ஒரு டன் சரக்குக்கு ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்று துல்லியமாகச் சொல்லும் திட்ட அறிக்கைகள், ஒரு பாடு குறைந்தால் எத்தனை தலைக்கட்டுக்கு அடுப்பு எரியாது என்பதையும் ஒரு பத்தியாகச் சேர்த்துக்கொள்வதில் கடினம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. பிரான்சிஸ் டே அணைக்கு அறிக்கை எழுதியபோது அணை கட்டி முப்பது ஆண்டுகள் கடந்துவிட்டன.

தவளேஸ்வரத்தில் காட்டனின் பழைய அணைக்குப் பதிலாக எழுப்பிய புதிய அணைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் அவருக்கு ஓர் அருங்காட்சியகமும் உண்டு. கோதாவரிக் கிராமங்களில் குதிரைமேல் அமர்ந்த அவர் சிலைகளைக் காணலாம். செங்குன்றத்தில் ஒரு கல்கூட இல்லை. பழவேற்காட்டிலிருந்து மடவையும் நண்டும் இறாலும் பனிக்கட்டிப் பெட்டிகளில் அடைபட்டு விடியற்காலையில் சாலை வழியாகவே சென்னைக்குப் போகின்றன.